கோட்டைக்குள்ளே செய்த சத்தியம்

“பள்ளிவாசலோ? ஆர் சொன்னது பள்ளிவாசல் எண்டு? மன்னாரிலை பிறந்து வளந்தவள் நான். பள்ளிவாசல் காணாத கண்ணே இது?”

பிலோமினம்மாவின் குரல் அல்போன்சம்மா வீட்டு வரவேற்பறையைத் தாண்டி, கண்ணாடிக் கதவையும் தாண்டி, பக்கத்து வளவில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த சீனக் குடும்பம் வரைக்கும் போனது. கியூபெக்கின் புரோசார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்படிச் சத்தம் கேட்பது வழக்கமில்லை. அங்கே தமிழர்கூட யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சண்டை பிடிப்பார்கள்.

“மினாரா விழுந்துபோச்சுது அன்ரி. அதாலைதான் உங்களுக்கு விளங்கேல்லை,” என்றான் அல்போன்சம்மாவின் மகன் றெக்ஸ்.

“மினாரா விழேல்லைத் தம்பி. விழுந்தது உன்ரை வாக்கு.”

“அது துருக்கிக்காரன் கட்டின கோட்டை. அவன்ரை சிப்பாய்மார் தொழுத இடம் அது. அதுக்குள்ளை நிண்டு நான் என்னத்தைச் சொன்னாலும் அது கோயில் சத்தியம் ஆகாது. நான் சொல்லுறது அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானோ? என்ரை பிள்ளையின்ரை ஆறு வருஷம் உனக்கு அவ்வளவுதானோ?”

அந்தப் பிள்ளை றொஷினி, தோல் சோபாவின் ஓரத்தில் தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. செயின்ட்-மிஷேலில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற கார்டெறி ஒன்றில் வேலை. அழுகிற பிள்ளையை எந்தப் பாஷையிலும் ஆற்றக்கூடியவள், தன் கதை என்று வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள்.

கதையின் தொடக்கம் ஊருக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னர் இரண்டு குடும்பமும் செயின்ட்-மிஷேலில் ஒரே தெருவில் இருந்தன. நத்தார்க் காலத்தில் மாதாகோயில் பங்குச் சனம் வீடு வீடாகப் பாட்டுப் பாடப் போனபோது றெக்ஸ் கிற்றார் அடித்தான், றொஷினி பாடினாள். அதற்குப் பிறகு அவள் வேலை முடிந்து வருகிற நேரம் மெற்றோ வாசலில் அவனுடைய கார் நிற்கத் தொடங்கியது. ஸ்னோ கொட்டினாலும் நிற்கும். கண்டவர்கள் சொன்னார்கள், காணாதவர்கள் இன்னும் விபரமாகச் சொன்னார்கள். இரண்டு தாய்மாரும் கூடிக் கதைத்து, வேதக்கார இடம்தானே, தெரிஞ்ச சனம்தானே என்று சம்மதப்பட்டார்கள். பேச்சளவில் எல்லாம் முடிந்தது.

பேச்சளவில்தான். அதற்குள் றெக்ஸுக்கு டவுன்டவுனில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கம்பியூட்டர் வேலை கிடைத்தது. தாயும் மகனும் ஆற்றைக் கடந்து புரோசார்ட்டில் வீடு வாங்கினார்கள். வீடு பெரிதாகப் பெரிதாகப் பொடியனின் பேச்சுச் சுருங்கியது. இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது அவனுடைய கெட்டித்தனம். தகப்பனின் ஆண்டுத் திவசம் முடியட்டும் என்றான். கொரோனா முடியட்டும் என்றான். வட்டி வீதம் குறையட்டும் என்றான். கடைசியில் முடிக்க ஒன்றும் இல்லாமல் போனபோது, “பேந்து பாப்பம்” என்றான். மெற்றோ வாசலில் கார் நிற்பது மாதத்தில் ஒருநாள் ஆனது.

றொஷினிக்கு இது விளங்காமல் இல்லை. ஆனாலும் பங்கில் அவளை எல்லோரும் “றெக்ஸின்ரை ஆள்” என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். வேறு சம்பந்தம் பேச ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் இல்லையென்றாகிவிட்டால் அடுத்த ஞாயிறு பூசைக்கு எந்த முகத்தோடு போவது என்பதுதான் அவளுடைய யோசனை. அவன்மேல் இருந்த விருப்பம் எங்கே முடிந்து, இந்த யோசனை எங்கே தொடங்கியது என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

இந்த நிலையில்தான் கிறகரி அண்ணையின் யாத்திரை வந்தது.

கிறகரி அண்ணை டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் குசினியில் காலமெல்லாம் உழைத்துப் பென்ஷன் எடுத்தவர். பென்ஷன் எடுத்த நாள் முதலாய்ப் பங்குச் சனத்தைச் சேர்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு மாதா தலத்துக்குப் போய்வருவார். வேதாகமத்தையும் சரித்திரத்தையும் பூகோளத்தையும் ஒரே குரலில் விளக்குவார். ஒன்று தெரியாது என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. அந்த வருஷம் பொஸ்னியாவில் ஒரு மலை. மலை முடிந்ததும், பஸ்காரன் மலிவாகத் தருகிறான் என்று, அல்பேனியாவில் ஒரு கடலோரக் கிராமத்தில் இரண்டு நாள் ஆறுதல்.

அல்போன்சம்மா பெயர் கொடுத்தாள். அவளுக்குக் கால் வீங்குகிற வருத்தம், துணைக்கு மகன் வேண்டும். றெக்ஸ் வருகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே பிலோமினம்மா மகளுக்கும் தனக்கும் இடம் பிடித்தாள். மாதாவுக்கு முன்னால் பொடியனை நிறுத்திக் கேட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். மன்னார்ச் சனத்துக்கு அது தெரிந்த வழி. ஊரிலே வேலிச் சண்டை, களவு, கலியாணப் பேச்சு எது இழுபட்டாலும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்குவார்கள். கோர்ட்டில் பொய் சொல்லுகிறவன்கூட அங்கே சொல்லத் துணியமாட்டான் என்பது நம்பிக்கை.

மலையில் அந்தத் திட்டம் பலிக்கவில்லை. தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளுகிறேன் என்று ஒரு நேரம், கோப்பி வாங்குகிறேன் என்று ஒரு நேரம், றெக்ஸ் விலாங்கு மீனாய் வழுக்கினான். பிலோமினம்மா பல்லைக் கடித்துக்கொண்டு செபமாலை உருட்டினாள்.

கடலோரக் கிராமத்தில் ஒளிக்க இடமில்லை. ஒரு தெரு, நாலு விடுதி, தோடை மரங்கள், கூழாங்கல் கரை. கிராமத்துக்கு நேர் மேலே மொட்டைக் குன்று, குன்றின் தலையில் இடிந்த கோட்டை. சாப்பாட்டு மேசையில் கிறகரி அண்ணை அதை விரலால் சுட்டிக் காட்டினார்.

“போத்துக்கீசன்ரை வேலை. கல்லைப் பாத்தாலே சொல்லுவன்.”

“போத்துக்கீசன் இஞ்சை எப்பிடி வந்தவன் அண்ணை?” என்று றெக்ஸ் கேட்டான்.

“மன்னாருக்கு எப்பிடி வந்தவனோ அப்பிடித்தான். கப்பலிலை.”

அல்போன்சம்மா காலை வாளித் தண்ணீரில் வைத்தபடி, “றெக்ஸ், நீ இவையளைக் கூட்டிக்கொண்டு போட்டு வா. கிழடுகளைத் தனிய விடாதை,” என்றாள். அவளும் தெரிந்துதான் சொன்னாளோ தெரியாமல்தான் சொன்னாளோ, பிலோமினம்மாவுக்கு அது வானத்திலிருந்து விழுந்த உத்தரவு.

நைலெக்ஸ் சேலையும் ஓட்டச் சப்பாத்துமாய் அவள் முன்னுக்கு ஏறினாள். கல்லுக் கல்லாய்ச் சரிந்துபோன பாதை. கால்பட்ட இடமெல்லாம் ஏதோ பச்சிலை மணத்தது. மணி கட்டிய ஆடுகள் மேலே நின்று கீழே பார்த்தன. பழைய சண்டைக் காலத்து சீமெந்துப் பதுங்கு குழி ஒன்று பாதையோரத்தில் கவிழ்ந்த சட்டிபோலக் கிடந்தது. அதற்குள்ளே யாரோ வைக்கோல் அடுக்கியிருந்தார்கள். கிறகரி அண்ணை வளைவுக்கு வளைவு நின்று சரித்திரம் சொன்னார். மூச்சு வாங்குவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. றெக்ஸ் அவர்களை விட்டு எட்டி நடந்து முதலே வாசலுக்குப் போய், அங்கே பெட்டிபோன்ற கூண்டில் இருந்த கிழவனிடம் நாலு ரிக்கற் எடுத்து வைத்தான்.

கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. வெயிலில் நிறம் போயிருந்தாலும் எழுத்து இருந்தது. மேலே அவர்கள் பாஷை, கீழே இங்கிலீஷ். தாய் சப்பாத்துக்குள் புகுந்த கல்லைத் தட்டுகிற நேரத்தில் றொஷினி அதை வாசித்தாள். ஒட்டோமான் அரசு எழுப்பிய கோட்டை, நாலு கோபுரம், தண்ணீர்த் தொட்டி, வெடிமருந்துக் கிடங்கு, படைவீரர்களின் மசூதி. வரைபடத்தில் மசூதிக்கு ஒரு சின்ன வட்டமும் போட்டிருந்தார்கள். அவளுக்கு அப்போது அதில் ஒன்றும் இல்லை. வாசித்தாள், மறந்தாள்.

உள்ளே போனால், கோட்டை என்று சொல்வதற்குச் சுவர்தான் மிச்சம். முற்றம் முழுக்க முள்ளுப் பற்றை. பீரங்கி ஒன்று மூக்குடைந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் வாய்க்குள்ளிருந்து அத்திமரம் ஒன்று வளர்ந்து வெளியே எட்டிப் பார்த்தது. சுவர் இடிந்த இடத்தால் பார்த்தால், கீழே விடுதிக் கூரைகளும், அப்பால் நீலமாய்க் கடலும். றெக்ஸ் அங்கே நின்று ஃபோனில் படம் எடுத்தான்.

பிலோமினம்மா படம் பார்க்க வரவில்லை. அவள் கண் எதையோ தேடியது.

“கோயில் எங்கை?”

“என்ன கோயில் அம்மா?”

“கோட்டை எண்டால் உள்ளுக்குக் கோயில் இருக்கும். மன்னார்க் கோட்டைக்குள்ளை இருக்குது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளை இருந்தது. கோயில் இல்லாமல் ஆர் கோட்டை கட்டுவான்?”

அவள் பிறந்த தேசத்தில் அது சரியான கேள்வி. அங்கே கடல்கடந்து வந்தவன் எவனும் ஒரு கையில் பீரங்கியும் மறுகையில் சிலுவையுமாகத்தான் வந்து இறங்கினான். ஒரு கோட்டையைச் சிலுவை இல்லாதவன் கட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கிறகரி அண்ணைக்கும் தோன்றவில்லை. இருவருமாய்ப் பற்றையை விலக்கிப் போய், பாதிக் குமிழ்க்கூரை சரிந்த சதுரக் கட்டடம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே மண் தரை, புறா எச்சம். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு வளைவாய்க் குடைந்த ஒரு மாடம்.

“அந்தா. சுரூபம் வைச்ச இடம்,” என்றாள் பிலோமினம்மா. “எந்தப் பாவி எடுத்துக்கொண்டு போனானோ.”

“அந்தோனியாராய் இருக்கும். கடற்கரை எல்லோ,” என்றார் கிறகரி அண்ணை.

றொஷினிக்கு அப்போதுதான் பலகையில் கண்ட வட்டம் ஞாபகம் வந்தது. இதுதான் அது. சொல்லுவோம் என்று வாயெடுத்தாள். அதற்குள் பிலோமினம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன அந்தோனியார் படத்தை எடுத்து மாடத்துக்குள் சாய்த்து வைத்தாள். சேலைத் தலைப்பால் கல்லைத் துடைத்தாள். கிறகரி அண்ணை செபமாலையைத் தொடங்கிவிட்டார். அது முடிந்ததும் பிலோமினம்மா முழங்காலில் நின்றபடியே திரும்பினாள்.

“தம்பி றெக்ஸ், இஞ்சை வா. அந்தோனியார் பாத்துக்கொண்டிருக்கிறார். இந்த மாடத்திலை கையை வைச்சு ஒரு வார்த்தை சொல்லு. என்ரை பிள்ளையைக் கட்டுவியோ, மாட்டியோ? மாட்டன் எண்டால் மாட்டன் எண்டு சொல்லு. நாங்கள் இறங்கிப் போறம்.”

சொல்வதென்றால் றொஷினி அந்தக் கணத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய நெஞ்சு வேறு கணக்குப் பார்த்தது. அவன் தாயோடு நாள் தவறாமல் பூசைக்குப் போய் வளர்ந்தவன். கோயில் சத்தியத்துக்குப் பயப்படுவான். இது கோயில் இல்லையென்று தெரிந்தால் பயப்படமாட்டான். தெரியாதவரைக்கும் நல்லது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

றெக்ஸ் கொஞ்சமும் இழுபடவில்லை. நேராய் வந்தான், மாடத்தில் உள்ளங்கையை வைத்தான். “கட்டுவன் அன்ரி. அந்தோனியார் சாட்சி. வாற வருஷத்துக்குள்ளை,” என்றான்.

ஆறு வருஷம் வெளியே வராத சொல் அத்தனை லேசாய் வந்தது. பிலோமினம்மா நிலத்தை முத்தமிட்டாள். கிறகரி அண்ணை ஃபோனில் படம் எடுத்தார். இறங்குகிற வழியில் றெக்ஸ் சீட்டியடித்தான். றொஷினி பின்னால் வந்தாள். சந்தோஷமாய்த்தான் இருந்தாள். பொய்ப் பொருளைக் கடைக்காரன் நல்ல விலைக்கு எடுத்துவிட்டால் விற்றவளுக்கு வருமே, அந்த மாதிரிச் சந்தோஷம்.

திரும்பி வந்ததும் பிலோமினம்மா சும்மா இருப்பாளா? பங்கில் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற கூட்டத்தில் அந்தோனியார் செய்த புதுமையைச் சொன்னாள். மரக்கறிக் கடையில் சொன்னாள். பிளவுஸ் தைக்கிறவளிடம் சொன்னாள். கிறகரி அண்ணை படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, அல்பேனியாவில் போர்த்துக்கேயர் காலத்து அந்தோனியார் ஆலயம் என்று எழுதினார். கீழே நூறு பேர் ஆமென் போட்டார்கள். கலியாண மண்டபத்துக்கு நாள் குறிக்கத்தான் இந்த ஞாயிறு புரோசார்ட்டுக்கு வந்தார்கள். சாட்சிக்குக் கிறகரி அண்ணை. பிலோமினம்மா செப்ரெம்பர் என்றாள். அல்போன்சம்மா, சரி என்று தலையாட்டப் போனாள். அப்போதுதான் றெக்ஸ் தொண்டையைச் செருமி, “அது கோயில் இல்லை, பள்ளிவாசல்” என்றான்.

இப்போது எல்லோருமாய்க் கிறகரி அண்ணையைப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்தது. மசூதிக்குள்ளே செபமாலை சொல்லுவித்தவர் என்ற பட்டம் செயின்ட்-மிஷேல் முழுக்கச் சுற்றப்போகிறது என்பது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

“முதல் கோயிலாய் இருந்து பேந்து அவங்கள் பள்ளி ஆக்கியிருக்கலாம்,” என்றார்.

“இல்லை அண்ணை. தொடக்கத்திலேயே பள்ளிதான். எழுதியிருக்குது.”

“எங்கை எழுதியிருக்குது?”

“வாசலிலை. ரிக்கற் குடுக்கிற இடத்திலை பலகை இருந்தது.”

றெக்ஸ் அதைச் சொன்னது கிறகரி அண்ணையை மடக்குகிற உற்சாகத்தில். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அதற்கு முன்னரே அவனுடைய தாய்க்கு உறைத்துவிட்டது.

“ரிக்கற் எடுக்கேக்கையே வாசிச்சனியோ?” என்று அல்போன்சம்மா கேட்டாள்.

“அம்மா...”

“கேட்டதுக்குச் சொல்லு. உள்ளுக்குப் போக முந்தியே உனக்குத் தெரியுமோ?”

அவன் சுவரில் இருந்த ஆண்டவரின் திருஇருதயப் படத்தைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. “தெரியும்,” என்றான். “அன்ரி என்னை மூலையிலை வைச்சு அமத்தினா. நான் என்ன செய்ய? அது செல்லாது எண்டு தெரிஞ்சபடியாத்தான் சொன்னனான். இல்லாட்டிச் சொல்லியிருக்கமாட்டன்.”

பிலோமினம்மாவுக்கு வாயடைத்தது. பங்கில் அதைக் கண்டவர்கள் யாரும் இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

கட்டுவன் அன்ரி என்ற அந்த லேசான குரலும், இறங்குகிற வழியில் கேட்ட சீட்டியும் இப்போதுதான் றொஷினிக்கு விளங்கின. அவனைப் பயத்தால் கட்டிவிட்டேன் என்று அவள் நினைத்திருந்த நேரத்தில், அவன் பயமில்லாமல் கையை வைத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே பலகையை வாசித்திருக்கிறார்கள். ஒருத்தி பிடிப்பதற்காக மறைத்தாள், மற்றவன் தப்புவதற்காக மறைத்தான்.

“நானும் வாசிச்சனான்,” என்றாள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

“அந்தப் பலகை. எனக்கும் தெரியும். நான் சொல்லேல்லை.”

றெக்ஸின் முகம் அப்படியே மலர்ந்துபோனது. மூச்சு விட்டான். “பாருங்கோ. அப்ப சரிக்குச் சரி,” என்றான்.

கிறகரி அண்ணை, தன்மேல் இருந்த கண்கள் விலகிய ஆறுதலில், “பொருத்தம் எண்டால் இதெல்லோ பொருத்தம்,” என்றார்.

அல்போன்சம்மா வீங்கிய காலை ஊன்றி எழும்பினாள். நல்ல மனுசி அவள், மானக்கேடு என்றால் செத்துப்போவாள். “பிள்ளை தெரிஞ்சு மறைச்சது ஆசையாலை. நீ மறைச்சது களவாலை. ரெண்டும் ஒண்டில்லை,” என்றாள் மகனிடம். “அந்தோனியார்ரை பேரைச் சொல்லிக் கையை வைச்சனி. இடம் எதுவாய் இருந்தால் என்ன? செப்ரெம்பரிலை கலியாணம். மறுத்தால் இந்த வீட்டிலை என்ரை முகத்திலை முழியாதை.”

பிலோமினம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் கொட்டியது. வழக்கு வென்றுவிட்டது.

றொஷினி றெக்ஸைப் பார்த்தாள். அவன் தலையை மெல்ல ஆட்டினான். பல்லுப் பிடுங்க ஒத்துக்கொண்டவன் கதிரையில் சாய்கிற மாதிரி ஒரு தலையாட்டல். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. இவனோடு ஒரே மேசையில் கோப்பி குடித்துக்கொண்டு, இந்தத் தலையாட்டலை எத்தனை வருஷம் பார்ப்பது?

“வேண்டாம் அன்ரி,” என்றாள்.

“என்ன பிள்ளை?”

“எனக்கு இவர் வேண்டாம். ஆசை எண்டு நீங்கள் சொல்லுறியள். அது ஆசையுமில்லை. ஞாயிற்றுக்கிழமையளுக்குப் பயந்தனான்.”

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் பிலோமினம்மா தன் வாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். றயிலில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது தொடங்கினாள், மெற்றோ மாறும்போதும் நிறுத்தவில்லை. “ஆறு வருஷம் உனக்காக முழங்கால் தேஞ்சன். கையிலை தந்ததைத் தட்டிவிட்டிட்டு வாறாய். விசரி. உன்னை இனி ஆர் கேப்பான்?” பக்கத்தில் இருந்த கியூபெக் கிழவி ஒருத்தி எழும்பி வேறு பெட்டிக்குப் போனாள். தாய்க்கு மகள் கலியாணத்தை வேண்டாம் என்றது அவ்வளவு சுடவில்லை. வென்ற வழக்கை விட்டெறிந்ததுதான் சுட்டது. அன்றிரவு முதல் இருவரும் ஒரே குசினியில் தனித்தனியாகச் சமைத்தார்கள்.

ஊர் தன் பங்குக்குத் தீர்ப்பு எழுதியது. றொஷினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் இல்லை, அவளைப் பற்றிப் பேசியவர்கள் நிறைய. முதலில் றெக்ஸைத் திட்டினார்கள். ஒரு மாதம் போக, அந்தப் பெட்டையும் லேசுப்பட்டதில்லை, தெரிந்துகொண்டுதான் வாய் மூடி இருந்தது என்றார்கள். கிறகரி அண்ணை பேஸ்புக்கில் இருந்து படத்தை எடுத்துவிட்டார். ஆமென் போட்ட நூறு பேரும் அதைச் சேமித்து வைத்திருந்தார்கள்.

அடுத்த கோடையில் றெக்ஸுக்கு ரொறொன்ரோவில் கலியாணம். பெண் தாட்சாயினி, பல் வைத்தியரிடம் வேலை, நல்ல சைவப் பிள்ளை. காலையில் தாலி, பின்னேரம் மோதிரம். வேதக்கார இடம் இல்லாமல் செய்யமாட்டேன் என்று பத்து வருஷம் சொன்ன அல்போன்சம்மா, பட்டுச் சேலையில் குங்குமச் செப்போடு வாசலில் நின்ற படம் செயின்ட்-மிஷேலில் எல்லா ஃபோனுக்கும் வந்தது. புரோசார்ட் வீட்டை பக்கத்து வளவுச் சீனக்காரனின் தம்பியே வாங்கினான். அல்போன்சம்மா இப்போது ஸ்காபரோவில் மகனுடைய வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறாள். மருமகள் நல்லவள் என்றுதான் சொல்லுகிறாள், கேட்க முந்தியே சொல்லுகிறாள்.

றொஷினி கத்தினோ என்ற ஊருக்கு மாறிப்போனாள். அங்கேயும் கார்டெறி வேலைதான். அங்கே பற்றிக் என்று ஒருவன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஹெயிற்றிக்காரன், மனைவி செத்தவன், ஐந்து வயதில் ஒரு மகள். போன வருஷம் நகர மண்டபத்தில் கலியாண எழுத்து முடித்தார்கள். பங்கிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை.

தாயை மட்டும் கூப்பிட்டாள். பிலோமினம்மா போகவில்லை. கேட்டால், ரோட்டெல்லாம் ஸ்னோ, வழுக்கும் என்கிறாள். எழுத்து முடிந்தது ஜூலையில்.